தேரிக்காடும் எமது கல்விச் செலவும்

செலவு என்னுஞ் சொல் நம் பழந்தமிழிற் பயணத்தையுங் குறிக்கும். பொருள் கழிதலையுங் குறிக்கும். கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழ்கின்ற கல்விச் செலவுகளில் இவ்விரண்டனுள் எப்பொருள் மிஞ்சி நிற்கின்றதென்பது, மாணவரோடு பலமுறை சென்று மீண்ட ஆசிரியர்க்கு நன்கு தெரியும். இதனைக் குறைகூறும் நோக்கத்தோடு யான் எழுதப் புகுந்தேனல்லேன். சென்ற மாசித் திங்களில் எம் மாணவர் நாற்பதின்மருடன் தென்பாண்டி நாட்டுச் செம்மணற் றேரியைக் காணச் சென்றிருந்தேன். அங்கு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் மனத்தை விட்டகலவில்லை. அதனை முன்வைத்து, இத்தகைய செலவுகள் எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பது குறித்து என் கருத்தைக் கூற விரும்புகின்றேன்.

நம்மவர்க்கு அவ்விடஞ் செல்லுதல் எளிது. சென்னையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரவு வண்டி கடலூரையும் சிதம்பரத்தையுந் தொட்டே போகின்றது. மாலையுணவு கொண்டு ஏறினோர் மறுநாட் காலையில் முருகன் சந்நிதிக் கடலைக் காணலாம். அங்கிருந்து மேற்கே காயாமொழி, மேலப்புதுக்குடி, குதிரைமொழி ஆகிய ஊர்களைச் சார்ந்து, குருதி தோய்ந்தாற்போன்ற செம்மணல் மேடுமேடாய்ப் பரந்து கிடக்கின்றது. முதன்முறை காண்பவர் வாயடைத்து நிற்பர் என்பதில் ஐயமில்லை. யானும் அவ்வாறே நின்றேன்.

எமக்கு அமர்த்தப்பட்டிருந்த வழிகாட்டி நாவன்மை மிக்கவர். மணல்மேட்டின் உச்சியில் நின்று, "சங்கப் புலவர் பாடிய பாலை நிலம் இதுவே. தமிழ்நாட்டின் ஒரே பாலைவனம் இதுவே. ஒட்டகம் ஒன்றுதான் இங்கே குறை" என்று உரத்த குரலிற் கூறினார். மாணவர் கைதட்டினர். படம் எடுத்தனர். குறிப்பேடு கொண்டுவந்திருந்த சிலர் அம்மூன்று வாக்கியங்களையும் எழுதிக்கொண்டனர். அரைமணி நேரங் கழிந்தது. ஊர்தியின் ஊதல் ஒலித்தது. அன்று மாலைக்குள் இன்னும் நான்கு இடங்கள் பார்த்தாக வேண்டும் என்று நிரலில் எழுதப்பட்டிருந்தது.

அம்மூன்று வாக்கியங்களுள் எத்தனை மெய் என்பதை ஆராய்வோம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவிநூல் வல்லார் பாலைவனம் என்று வழங்குவர். தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி மழை 600 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. நம் கடலூர்ப் பக்கத்து மழையில் ஏறக்குறையப் பாதி எனலாமே யன்றி, இராஜஸ்தானத்துத் தார்ப்பாலையோடு ஒப்பிடத்தக்கதன்று. இனி, சங்கப் பாலை என்பதோ வேறொன்று. மழை மறுத்துக் காய்ந்த காடும் மலையுமே பாலையாம், அது தனியே ஒரு நிலமன்று என்பது இளங்கோவடிகளின் கருத்து. தேரியோ காய்ந்த காடுமன்று, மலையுமன்று. காற்றுச் செய்த நிலம். ஆனி, ஆடித் திங்களில் மேற்குத் தொடர்ச்சிமலையின் இடைவெளிகளினூடே புகுந்து வீசும் பெருங்காற்று, வறண்ட வெளிகளின் நுண்மணலை வாரிக்கொண்டு கடல்நோக்கி ஓடிப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்த குவியல் அது. மணலின் ஒவ்வொரு பரலையும் இரும்புத் துரு ஒரு மெல்லிய போர்வைபோற் சூழ்ந்துள்ளது. செம்மைக்குக் காரணம் அதுவே.

மாணவர் கைதட்டி முடித்த வேளையில், மேட்டின் அடியிலிருந்த பனையொன்றினின்றும் ஒரு முதியவர் இறங்கினார். பாளை சீவத் தொடங்கிய பருவம் அது. எம் மாணவருள் ஒருவன் அவரை அணுகி, "ஐயா, இந்தப் பாலைவனத்தில் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?" என்று வினவினான். அவர் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பின்பு குந்தி அமர்ந்து, இரு கைகளாலும் மணலை விலக்கத் தொடங்கினார். ஒரு முழம் தோண்டியதும் மணலின் நிறம் கறுத்தது. ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார். ஈரம்! "தம்பி, எங்க பாட்டன் காலத்துலேருந்து இதத் தேரின்னுதான் சொல்லுதோம். பாலைவனம்னு படம் எடுக்க வந்தவுக சொன்னாவ. பெய்யித மழை அம்புட்டையும் இது குடிச்சி வச்சிருக்கு. கீழ போயி சுனையப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

சுனை எம் நிரலில் இல்லை. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யான் ஆசிரியன் என்ற உரிமையைச் சற்றுக் கடுமையாகவே செலுத்தி, மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு மாணவரை நடத்திச் சென்றேன். செம்மணல் சூழ்ந்த அவ்விடத்தில் சுனை இருக்கின்றது, நிழல் இருக்கின்றது, மருத நிலத்து மூலையொன்று வழிதவறி வந்து தங்கினாற்போல இருக்கின்றது. மேட்டில் விழுந்த மழைநீர் மணலினூடே இறங்கித் தாழ்ந்த இடத்தில் வெளிப்படுகின்றது என்பதை மாணவர்க்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கையில் ஈரமணலை வைத்திருந்தவனே மற்றவர்க்கு விளக்கினான். நிரலில் எஞ்சியிருந்த நான்கு இடங்களுள் இரண்டு அன்று கைவிடப்பட்டன. அதுகுறித்து யான் வருந்தவில்லை.

அம்முதியவரோடு இன்னும் ஒரு நாழிகை பேசியிருந்தோமாயின் எத்துணையோ அறிந்திருப்போம். நாளொன்றுக்கு இருமுறையும் மும்முறையும் ஏறி இறங்கும் தொழிலின் கணக்கு, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதனாற் கள்ளாகாது பதநீராகும் நுட்பம், அப்பதநீர் தாழியிற் காய்ந்து கருப்பட்டியாகும் பக்குவம் ஆகிய யாவும் நூலகத்தில் தேடினும் அரைகுறையாகவே கிடைக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்செய்தியைச் செய்தித்தாளிற் படித்திருந்த எம் மாணவர், அக்கருப்பட்டி இம்மணலிற் பிறப்பதென்பதை அன்றுதான் அறிந்தனர். காயாமொழியை அடுத்த தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார்க்குக் கார்த்திகைத் திங்களில் விழா எடுப்பர். அதன் முடிவில் நிகழும் கள்ளர் வெட்டின்போது வெளியூர்களினின்று வரும் மக்கள் அச்செம்மணலை முடிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். பாழ்மணலை எவரேனும் முடிந்துகொண்டு போவரோ?

இன்னும் பழைய செய்தியும் உண்டு. சாயர்புரத்தைச் சூழ்ந்த தேரிகளிற் பழங்கற்கால மாந்தரின் வழிவந்தோர் செய்த நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. நகத்தளவே உள்ள அவற்றை அம்பு முனையாகவும் கத்தி விளிம்பாகவும் பொருத்தி வேட்டையாடினர். சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் அவற்றை ஆராய்ந்து 1956-இல் விரிவாக எழுதினர். கொற்கைத் துறை தோன்றுமுன்பே இம்மணல்மேட்டில் மனிதர் தீமூட்டி அமர்ந்திருந்தனர் என்றாகின்றது. வழிகாட்டி இதனைக் கூறவில்லை. கூறியிருந்தால், மாணவர் காலடியைச் சற்று மெதுவாக வைத்திருப்பர்.

ஈண்டு கால்டுவெல் ஐயரை நினையாதிருத்தல் இயலாது. 1838-இற் சென்னை வந்த அவர், 1841-இல் திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே புறப்பட்டார். தரங்கம்பாடியையும் தஞ்சையையுங் கண்டு, நீலகிரி ஏறி, மதுரை கடந்து சென்றார். சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்கு நடந்தவர் நம் கடலூரையும் சிதம்பரத்தையும் மிதியாது சென்றிருத்தல் அரிது. தேரியின் ஓரத்து ஊராகிய இடையன்குடியில் ஏறத்தாழ ஐம்பதாண்டு வாழ்ந்தார். கிணறு தோண்டினார்; மரம் வைத்தார்; தெரு வகுத்தார். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அம்மணற்காட்டில் அமர்ந்து உழைத்ததன் பயன். அத்தகையவரும் ஓரிடத்தில் இடறினார். பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய சிறுநூல், அம்மக்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியது. அச்சமூகத்துக் கற்றோர் அதனை வன்மையாக மறுத்து எழுதினர். அவரைக் குறைத்துரைக்க இதனைக் கூறவில்லை. அவரிடத்து யான் கொண்ட மதிப்பு சிறிதன்று. அங்கேயே குடியிருந்து, அவர்தம் மொழியையே ஆய்ந்த பேரறிஞர்க்கே பிறரை வருணிப்பதில் இப்பிழை நேருமாயின், அரைமணி நேரம் நின்று படமெடுத்து மீளும் நாம் குறிப்பேட்டில் எழுதுவன எத்தகையவாக இருக்கும்?

இதனை நாம் நம் ஊரைக் கொண்டே அளந்தறியலாம். சிதம்பரத்திற்கு நாள்தோறும் வெளியூர்க் கூட்டங்கள் வருகின்றன. ஐந்து நிமிடத்தில் இரகசியத்தைக் கூறி முடித்து, பிச்சாவரத்தில் ஒரு மணி நேரம் படகேற்றி, அவர்களைத் திருப்பியனுப்பி விடுகின்றனர். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதையும், ஊருக்குப் பெயர் தந்த அம்மரம் பிச்சாவரத்துச் சேற்றில் இன்றும் நிற்கின்றது என்பதையும், அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குத் தீங்கென்று படகு வலிப்போர் எச்சரிப்பதையும் அக்கூட்டத்தாருள் எத்தனைபேர் அறிந்து செல்கின்றனர்? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அக்காட்டின் பின்னிருந்த ஊர்கள் காக்கப்பட்டன. வெறுங் கடற்கரையில் நின்ற ஊர்கள் பெருந்துயருற்றன. 2005-இல் சயன்ஸ் என்னும் ஆராய்ச்சி ஏடு நம் மாவட்டத்துக் கடற்கரையை எடுத்துக்காட்டி இதனை உலகிற்குச் சொல்லிற்று. அதற்கு முன்வரை பலர்க்கு அது சேற்றுக்காடு, அவ்வளவே. நம் சேற்றுக்காட்டுக்கு நேர்ந்த பெயரே அவர்தம் தேரிக்கும் நேர்ந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணுவோர்க்குத் தேவனாம்பட்டினத்தைச் சுட்டுவேன். 1690-இற் செஞ்சி மராட்டியரிடம் அக்கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கும்பினியார், பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை சுற்றியுள்ள ஊர்கள் யாவும் தமக்கே என்று எல்லை வகுத்துக்கொண்டனர். அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரில் அச்செய்தி இன்றும் ஒலிக்கின்றது என்பர். 1746-இற் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின் சில ஆண்டுகள் தென்னாட்டு ஆங்கில ஆட்சியின் தலைமையிடமாய் விளங்கிய அக்கோட்டையை, 1758-இல் லாலியின் படை தகர்த்தது. இன்று எஞ்சியிருப்பது மிகச்சிறிது. மாலையிற் கடற்காற்று வாங்கச் செல்லும் நம் மாணவருட் பலர் அதனருகே அமர்ந்து சுண்டல் தின்று மீள்கின்றனர். குண்டு விழுந்த இடத்துக் குடியானவனை எவரும் ஒரு சொற் கேட்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு அது வயல். சுட்டவனுக்கு அது தூரம்.

தேரியிலும் இத்தகையதொரு நிகழ்ச்சி நம் காலத்திலேயே நேர இருந்தது. அம்மணலில் டைட்டானியத்திற்குரிய தாது கலந்துள்ளது. 2007-ஆம் ஆண்டிற் சாத்தான்குளம் பகுதியில் ஏறத்தாழப் பதினாயிரம் ஏக்கர் நிலத்தை எடுத்து அத்தாதுவைப் பிரிக்கும் டாட்டா நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்று வெளிவந்தது. பயன்படாத வறள்நிலந்தானே என்பது ஆதரித்தோர் கூற்று. பனையும் கிணறும் தோட்டமும் உடைய மக்கள் எதிர்த்தெழுந்தனர். அவ்வாண்டே அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. தொழில் வளர்ச்சி வேண்டாவென்று யான் கூறுவேனல்லேன். அப்பகுதிக்கு அணித்தான குலசேகரப்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை மாணவர்க்குக் காட்டுதலும் நன்றே. ஆனால் ஒரு நிலத்தைப் பாலைவனம் என்று கைதட்டிக் கற்ற மாணவன், நாளை அரசு அலுவலகத்தில் அமர்ந்து அந்நிலத்தின் தாளிற் கையொப்பமிடும்போது, அதில் யாரும் இல்லை, யாதும் இல்லை என்றே நம்பிக் கையொப்பமிடுவான். எனது அச்சம் இதுவே. வழிகாட்டியின் மூன்று வாக்கியங்களை யான் இவ்வளவு பொருட்படுத்துவதற்கும் காரணம் இதுவே.

வழிகாட்டியை மட்டும் நொந்து பயனில்லை. நாற்பது மாணவரை ஒரே நாளில் ஆறிடங்களுக்கு ஓட்டிச் செல்லுமாறு நாம் கூலி பேசினோம். அவர் அதற்கேற்பப் பேசினார். சிலர் கூறுவர்: "இளைஞர் மகிழ்ந்து மீள்வதே போதும், அங்கும் பாடமா?" என்று. அன்று எம் மாணவர் மிக மகிழ்ந்த பொழுது எது என்று பின்னர் வினவியபோது, பெரும்பான்மையோர் சுனைக்கு நடந்ததையே கூறினர். படமெடுத்ததை இருவரே கூறினர். பொருட்செலவு கூடுமே என்பாரும் உளர். ஆறிடத்தை இரண்டிடமாகக் குறைத்தால் ஊர்தி வாடகை குறையுமேயன்றிக் கூடாது.

செல்லுமுன் ஒரு திங்களேனும் அந்நிலத்தைப் பற்றிப் படித்துப் பேசுதல் வேண்டும். அங்கே ஓர் இரவாவது தங்குதல் வேண்டும்; வைகறையிற் பனையேறுவதைக் காணாதவன் தேரியைக் கண்டவனாகான். வழிகாட்டிக்குத் தரும் ஊதியத்திற் பாதியையாவது அவ்வூர்ப் பனைத்தொழிலாளி ஒருவர்க்குத் தந்து, அவரையே பேச விடுதல் வேண்டும். அவர் பேச்சு நம் மாணவர்க்கு முதலிற் சற்று விளங்காது. விளங்காமையே நல்ல தொடக்கம். கைம்மாறாக, அவ்வூர்ப் பள்ளிச் சிறுவரை நாம் இங்கே அழைத்துப் பிச்சாவரத்தில் மீனவர் ஒருவரைக் கொண்டு அலையாத்திக் காட்டைக் காட்டலாம். பார்க்கச் செல்பவராகவே எப்பொழுதும் இருந்தவர்க்கு, ஒருமுறை பார்க்கப்படுபவராக இருத்தலும் ஒரு கல்வி.

இவற்றுக்கெல்லாம் முன்பு, வீட்டருகே பழகுதல் நன்று. கடலூர்க் கேப்பர் மலையின் செம்மண்ணை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். அதனைப் பற்றி நம் மாணவர் அறிந்தது யாது? புவியியலார் நம் ஊரின் பெயரையே சூட்டிக் கடலூர் மணற்பாறை என்று வழங்கும் பாறைத்தொகுதி அது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதற்கடியிற் கிடக்கின்றது. பண்ணுருட்டியின் முந்திரி அதன் மேல் விளைகின்றது. தேரியிலும் அம்மரம் உண்டு. அங்கே அதனைக் கொல்லாமரம் என்பர். பெயர் வேறுபட்டதால் எம் மாணவருள் முந்திரித் தோப்புக்காரர் மகன் ஒருவனே அதனை முதலில் அடையாளங் காணாது, பின்பு பழத்தைக் கேட்டறிந்து வெட்கி நகைத்தான்.

அவனே தேரிமணலை ஒரு குப்பியிற் கொணர்ந்து, கேப்பர் மலை மண்ணை நிறைத்த இன்னொரு குப்பியுடன் எம் துறையின் அலமாரியில் வைத்திருக்கின்றான். ஒட்டிய சீட்டில் முதலிற் "பாலைவன மணல்" என்று எழுதியிருந்தான். மறுவாரம் பார்த்தபோது அது அடிக்கப்பட்டு, "தேரி, மேலப்புதுக்குடி, ஒரு முழத்தின் கீழ் ஈரமுடையது" என்று இருந்தது. யான் ஒன்றுஞ் சொல்லவில்லை.

வரும் ஆண்டு அங்கேயே இரண்டு நாள் தங்குவதென்று மாணவர் தாமே முடிவு செய்துள்ளனர். அம்முதியவரிடந் தொலைபேசியிற் கேட்டதற்கு, பதநீர் நன்றாக இறங்குவது பங்குனிக்குப் பின்புதான், சித்திரையில் வந்தால் வயிறாரக் குடிக்கலாம் என்று கூறியிருக்கின்றார். சித்திரையிற் பல்கலைக்கழகத் தேர்வு. இவ்விரண்டனையும் எவ்வாறு பொருத்துவது என்பதே இப்பொழுது எம்முன் உள்ள கேள்வி.